வெளுத்த தலையணை உறை

அந்தத் தெருவில் கறையம்மா என்று கேட்டால் யாரும் லாண்டரியைக் கை காட்டிவிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது அவளுக்கே எப்போதாவதுதான் நினைவுக்கு வரும். மையோ, துருவோ, காபியோ, ரத்தமோ, குழந்தை கக்கிய பாலோ, எதுவானாலும் துணியை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்ப்பாள். ஒரு தடவை முகர்வாள். பிறகு, "வியாழக்கிழமை வாங்க" என்பாள். போகாத கறையென்றால் அதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். கறையம்மா ஒன்று சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கைதான் பின்னால் வினையாக வந்து சேர்ந்தது.

கடை முன்னால் சின்னது, உள்ளே நீளம். வாசலில் கவுண்டர். அதை ஒட்டி, முடிந்த துணிகள் தொங்கும் இரும்புக் கம்பி. அதற்குப் பின்னால் அவள் புருஷனின் இஸ்திரி மேஜை. கடைசியில் தொட்டிகள், இரண்டு பெரிய மிஷின்கள், பாட்டில்கள் அடுக்கிய அலமாரி, அதன் கீழே அவள் கறை எடுக்கிற கல்மேடை. குடியிருப்பு மாடியில். மழை நாளில் ஈரத்துணி எல்லாம் கடைக்குள்ளேயே தொங்கும். ஆள் ஆளைப் பார்க்க வேண்டுமானால் இரண்டு போர்வைகளை விலக்க வேண்டும். இந்தக் கதை நடந்தது அப்படிப்பட்ட மழைக்காலத்தில்தான்.

அவர்களுக்கு ஒரே மகள். பதினெட்டு வயது. பள்ளி முடித்து ரத்தம், சளி பரிசோதிக்கிற படிப்பில் சேர்ந்திருந்தாள். இரண்டு வருஷமாக முகத்தில் பரு. முதலில் நெற்றியில் நாலு. பிறகு கன்னம், தாடை என்று குடும்பம் குட்டியோடு குடியேறிவிட்டது. சிலது சிவந்து வீங்கி, தொட்டால் அம்மா என்று கத்துகிற அளவுக்கு வலிக்கும்.

பரு வந்த முகம் இருக்கிறதே, அது பொதுச்சொத்து மாதிரி. வருகிறவன் போகிறவன் எல்லாம் ஒரு யோசனை சொல்லிவிட்டுப் போவான். கறையம்மாவின் தங்கை, அதாவது அந்தப் பெண்ணின் சித்தி, போனிலேயே வைத்தியம் பார்த்தாள்.

"அக்கா, பாலையும் முட்டையையும் முதல்ல நிறுத்து. எல்லாம் அந்தச் சூடுதான்."

"போன வாரம் நீதானடி பால் நிறையக் குடிக்கச் சொன்ன?"

"அது வேற வீடியோக்கா. இது டாக்டரே பேசுறாரு."

"எந்த டாக்டர்?"

"கோட்டு போட்டிருந்தாருக்கா."

பேக்கரிக்காரர் வயிற்றைக் கழுவச் சொன்னார். தையல்கடை அக்கா பற்பசையைத் தடவச் சொன்னாள். எலுமிச்சையும் சோடா மாவும் குழைத்துப் போட்ட அன்று அந்தப் பெண் குழாயடியில் நின்று குதித்தாள். அப்பாவிடம் கேட்டால், "எனக்கும்தான் இருந்துச்சு, தானா போச்சு" என்பார். அவர் கன்னத்தில் இன்னும் இருக்கிற குழிகளைப் பார்த்துவிட்டு மகள் மாடிக்குப் போய்விடுவாள்.

ஒருநாள் கறையம்மாவே அலுத்துப்போய் அவளைத் தோல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டரம்மா பொறுமையாகப் பேசினார். மகள் தலையைக் குனிந்துகொண்டே கேட்டாள். கறையம்மாவுக்குப் பாதி காதில் விழவில்லை. டாக்டரம்மாவின் வெள்ளைக் கோட்டுப் பையில் பேனா மை ஒழுகி உள்ளங்கை அகலத்துக்குப் பரவியிருந்தது. யாரோ அதன்மேல் வெந்நீரை ஊற்றிக் காரியத்தைக் கெடுத்திருக்கிறார்கள். அதிலேயே இருந்தது இவள் கண்ணும் மனசும்.

வரும் வழியில் மகள் சொன்னாள்: "இந்த ட்யூப் மருந்தப் படுக்கப் போகும்போது மெல்லிசாத் தடவணுமாம். முதல்ல காயுமாம், உரியுமாம். பலன் தெரிய ரெண்டு மூணு மாசம் ஆகுமாம். வெள்ளைத் தலையணை உறை போட்டுக்கச் சொன்னாங்க."

"வெள்ளையா? நம்ம வீட்டுல வெள்ளை ஏது?"

அது உண்மை. அந்த வீட்டில் உறை, போர்வை எல்லாம் கருநீலம், இல்லாவிட்டால் காப்பிக்கொட்டை நிறம். ஊரார் வெள்ளையை வெளுத்தே கை ஓய்ந்துபோகிறது. தன் வீட்டுக்கும் வெள்ளை வாங்கி வைத்துக்கொள்ள அவளுக்கு என்ன கிறுக்கா? சுத்தத்துக்குச் சொல்லியிருப்பார்கள், நம்மைவிடச் சுத்தம் யார் என்று அதோடு விட்டுவிட்டாள்.

எட்டாம் நாள் காலை படுக்கையைச் சுருட்டும்போது கறையம்மா அப்படியே நின்றுவிட்டாள். மகளின் கருநீல உறையில், கன்னம் பதிகிற இடத்தில், திட்டுத்திட்டாக நிறம் போயிருந்தது. நடுவில் வெளிர் மஞ்சள், ஓரத்தில் ஆரஞ்சு. ஜன்னலுக்குக் கொண்டுபோனாள். முகர்ந்தாள். விரலால் தேய்த்தாள். இருபத்திரண்டு வருஷத் தொழில். இது கறை இல்லை, சாயம் போனது. சாயத்தைத் தின்கிற பொருள் எதுவென்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"ஏங்க! இங்க வாங்க. பிளீச்சுங்க! பிள்ளை மூஞ்சிக்குப் பிளீச்சக் குடுத்திருக்காங்க!"

அப்பா இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்து பார்த்தார். "அப்படியா தெரியுது?"

"தெரியுதாவா? கெட்டிச் சாயங்க இது. நாலு வருஷமாத் துவைக்கிறேன், ஒரு நூல் மங்கல. எட்டு நாள்ல இப்படித் தின்னிருக்குன்னா, மூஞ்சி என்னத்துக்காகும்?"

மகள் கண்ணாடியில் பார்த்துக்கொண்டாள். கன்னம் காய்ந்து, மூக்கோரம் தோல் உரிந்துதான் இருந்தது. பருக்கள் இருந்தபடியே இருந்தன. "உரியும்னுதான் சொன்னாங்கம்மா" என்றாள் மெல்லிய குரலில். கறையம்மா ட்யூபைப் பிடுங்கிக் குப்பைக் கூடையில் போட்டாள். உறையை மட்டும் எறியவில்லை. வருகிறவர்களிடம் காட்டுவதற்காகக் கவுண்டர் இழுப்பறையில் மடித்து வைத்தாள்.

அன்று துண்டு மூட்டையோடு பார்லர்காரம்மா வந்தாள். உறையைக் கண்டதும் நெஞ்சில் கை வைத்தாள்.

"அய்யோ, இதையா பிள்ளைக்குப் போட்டீங்க? என்கிட்ட ஒரு க்ரீம் இருக்குக்கா. எல்லாம் இலை, வேரு. பத்தே நாள். நம்ம பார்லருக்கு வர்றவங்க அத்தனை பேருக்கும் இதுதான்."

சின்ன வெள்ளை டப்பா. மூடியில் ஒரு இலையும் ஒரு பெண்ணின் முகமும். உள்ளே என்ன இருக்கிறது, யார் செய்தது என்று ஒரு எழுத்து கிடையாது. கறையம்மா ஒன்றும் ஏமாளி இல்லை. தொழிலில் அவளுக்கு ஒரு முறை உண்டு. புது மருந்து எதுவானாலும் முதலில் துண்டுத் துணியில் வைத்துப் பார்க்காமல் ஊரார் துணியில் வைக்கமாட்டாள். கறுப்புப் பருத்தி, சிவப்புப் பட்டு, பச்சைக் கம்பளி, வழுவழுவென்ற ஊதாத் துணி என்று நாலு துண்டு எடுத்து, நாலிலும் க்ரீமைத் தடவிக் கல்மேடையில் வைத்தாள். மறுநாள் காலையில் அலசிப் பார்த்தால் நாலும் அப்படியே இருந்தன. ஒரு நூல் மங்கவில்லை.

"பாத்தீங்களா? ஒரு சேதாரம் இல்ல."

அப்பா ஒரு காலரைத் திருப்பிப் போட்டுக்கொண்டே சொன்னார்: "துணிக்குப் பரு வராதே."

"உங்களுக்கு எல்லாம் விளையாட்டு."

"விளையாட்டுக்குச் சொல்லல. துணியில வெச்சுப் பாத்தா துணியப் பத்தித்தான தெரியும்?"

"வாயில்லாத துணிக்கே ஒண்ணும் பண்ணாதது பிள்ளையவா பண்ணிடும்? இஸ்திரியப் பாருங்க, தீயுது."

தீயவில்லை. ஆனாலும் அவர் அடுத்த சட்டையை எடுத்துக்கொண்டார். அந்த வீட்டில் கறை விஷயத்தில் அவர் பேச்சு எடுபடாது.

க்ரீமை மகளுக்குக் கறையம்மாதான் தன் கையால் தடவிவிட்டாள். மூன்றாம் நாள் சிவப்பு இறங்கியது. ஆறாம் நாள் வீக்கம் வற்றியது. பத்தாம் நாள், பார்லர்காரம்மா சொன்ன கெடுவுக்கு ஒருநாள் பிசகாமல், முகம் துடைத்துவிட்டது போல ஆனது. அந்தப் பெண் கவுண்டரில் நின்று சிரித்துப் பேசுவதைக் கறையம்மா ஈரப் போர்வைகளின் சந்து வழியாகப் பார்த்தாள். இரண்டு வருஷத்துக்கு அப்புறம் பார்க்கிறாள். கண் கலங்கிவிட்டது. சோப்புத் தண்ணீர் தெறித்துவிட்டது என்று யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டாள்.

வந்தவர்கள் கேட்காமல் இருப்பார்களா? "பொண்ணு மூஞ்சி என்னமா ஆயிடுச்சு! என்ன போட்டீங்க?" கறையம்மா இழுப்பறையைத் திறந்து உறையைக் காட்டுவாள், நாலு துண்டுத் துணியைக் காட்டுவாள், பிறகு பார்லர் இருக்கிற திசையைக் காட்டுவாள். பேக்கரிக்காரர் மனைவி தன் தங்கைக்கு வாங்கினாள். தையல்கடை அக்கா மகனுக்கு வாங்கினாள். மூன்றாவது பஸ் டிரைவர் வீட்டில். நாலாவது டீச்சரம்மா, எட்டாவது படிக்கிற மகளுக்கு. கறையம்மாவே சோதித்துப் பார்த்தது என்றால் வேறென்ன வேண்டும் அவர்களுக்கு?

ஆறு வாரம் சுகமாகப் போயிற்று. அப்புறம் பார்லர்காரம்மா ஏதோ கல்யாணத்துக்கு வெளியூர் போனாள். டப்பா தீர்ந்தது. மூன்றாம் நாள் மகளின் கன்னம் எரிய ஆரம்பித்தது. ஐந்தாம் நாள் முகம் முழுக்கச் சிவந்து, சின்னச்சின்னதாக ஒரே மாதிரி கொப்புளங்கள் கிளம்பின. வெறும் தண்ணீர் பட்டாலே எரிந்தது. இஸ்திரியின் ஆவி பட்டால் துடித்தாள். பார்லர்காரம்மா திரும்பி வந்ததும் ஓடிப்போய் டப்பா வாங்கித் தடவினார்கள். இரண்டே நாளில் அடங்கியது. பயந்துபோய் நிறுத்தினால் முன்னைவிட மோசமாகக் கிளம்பியது.

கறையம்மாவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. போட்டால் அடங்குகிறது, அப்படியென்றால் நல்ல மருந்து. விட்டால் கிளம்புகிறது, அப்படியென்றால் விடக்கூடாது. ஆனால் எத்தனை நாளைக்கு? முன்னே இல்லாத எரிச்சல் எங்கிருந்து வந்தது? சித்தியைக் கேட்டால் விஷம் வெளியேறுகிறது என்றாள். தையல்கடை அக்கா கண்ணேறு என்றாள். பார்லர்காரம்மா, "நடுவுல விட்டீங்களே, அதான்" என்றாள். மூன்றும் சரியாக இருக்கும்போலவும் பட்டது, மூன்றும் பொய்யாக இருக்கும்போலவும் பட்டது.

மறுபடி டாக்டரம்மாவிடம் போனார்கள். அவர் முகத்தை விளக்கடியில் திருப்பிப் பார்த்தார். டப்பாவைத் திருப்பிப் பார்த்தார்.

"இதுல என்ன இருக்குன்னு எங்கயும் போடலியேம்மா."

"இலை, வேருன்னாங்க."

"பத்து நாள்ல பளிச்சுன்னு ஆச்சா? விட்டதும் எரிஞ்சு கிளம்புச்சா? அப்ப இதுல ஸ்டீராய்டு கலந்திருக்கணும். அது சிவப்பையும் வீக்கத்தையும் அமுக்கி வெக்கும். ஆனா பருவை ஆத்தாது. தோலு மெல்லிசாகும். நாளாக நாளாக அது இல்லாம இருக்க முடியாதுன்னு ஆயிடும்."

"நான் சோதிச்சுப் பாத்துத்தாங்க போட்டேன்."

"எதுல?"

"துணியில." சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அவள் காதிலேயே விழுந்தது.

டாக்டரம்மா சிரித்திருந்தால்கூடத் தேவலை. சிரிக்கவில்லை. "முதல்ல குடுத்தத ஏன் நிறுத்தினீங்க?" என்று கேட்டார்.

"தலையணை உறை வெளுத்துப்போச்சுங்க."

"வெளுக்கும்மா. அந்த மருந்து துணிச் சாயத்தத் தின்னும். அதுக்காகத்தான் வெள்ளை உறை போடச் சொன்னேன். தோலை அப்படித் தின்னாது. காயும், கொஞ்சம் எரியும், அதிகமாப் போனா ஒருநாள் விட்டு ஒருநாள் போடலாம். எங்கிட்ட வந்து கேட்டிருக்கலாமே."

கேட்டிருக்கலாம். டாக்டரம்மாவின் கோட்டில் அதே மைக்கறை இன்னும் இருந்தது. இந்தத் தடவை கறையம்மா அதைப் பார்க்கவில்லை.

க்ரீமை அடியோடு நிறுத்த வேண்டும், சில வாரங்களுக்கு முகம் இன்னும் மோசமாகத்தான் தெரியும், அதைப் பார்த்துப் பயந்து திரும்ப அதைத் தொடக்கூடாது, எரிச்சல் அடங்கியதும் பழைய மருந்தைத் தொடங்கலாம் என்று எழுதிக்கொடுத்தார். படியிறங்கும்போது மகள் சொன்னாள்: "நான் சொன்னேன். வெள்ளை உறைன்னு." அவ்வளவுதான் சொன்னாள். அன்றிலிருந்து மூன்று வாரம் அவள் வாசல்படியைத் தாண்டவில்லை. வகுப்புக்குப் போகவில்லை. திங்கட்கிழமைக்குள் வராவிட்டால் பெயரை எடுத்துவிடுவோம் என்று ஆள் சொல்லி அனுப்பினார்கள். அதற்கும் அவள் கிளம்பவில்லை. ரொட்டியும் சூப்பும் மாடிக்குப் போகும், பாதி திரும்பி வரும். மழை அதிகமான நாளில் மட்டும் இறங்கி வந்து, தொங்குகிற கோட்டுகளுக்குப் பின்னால் ஒரு முக்காலியில் உட்கார்ந்து பட்டன் தைத்துக் கொடுப்பாள். கவுண்டர் மணி அடித்தால் கோட்டுகளை இழுத்து மூடிக்கொள்வாள்.

கறையம்மாவின் சமையலறை அலமாரியில் அந்த டப்பா பாதி மிச்சம் இருந்தது. தினமும் ஒரு தடவையாவது அதைப் பார்த்தாள். ஒரு விரல் தடவினால் போதும், இரண்டு நாளில் பிள்ளை முகம் அடங்கும், திங்கட்கிழமை வகுப்புக்குப் போவாள். வியாழக்கிழமை கை அலமாரிவரை போய்விட்டது. பின்னால் அப்பாவின் குரல் கேட்டது.

"போடப் போறியா?"

"எனக்குத் தெரியலைங்க." அவள் அழுதாள். "கெடுதல் பண்றது கண்ணுக்கு நல்லாத் தெரியுது. நல்லது பண்றது துணியத் தின்னுது. நான் எதைப் பாத்து எதை நம்புவேன்? கண்ணால பாத்தத நம்பாதேன்னா, இத்தனை வருஷம் நான் பண்ண தொழிலே கண்ணாலதானுங்க?"

அப்பா குறுக்கே கை நீட்டினார். டப்பாவை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கீழே இறங்கினார். கொஞ்ச நேரத்தில் கழிவு வாய்க்காலருகே டப்பாவைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

மறுநாள் காலை மணி அடித்தது. டீச்சரம்மா. ஒரு கையில் நனைந்த குடை, மறு கையில் துணிப்பை, முகமெல்லாம் சிரிப்பு.

"கறையம்மா, உங்களுக்குக் கோடி புண்ணியம். எங்க பாப்பா மூஞ்சி கண்ணாடி மாதிரி ஆயிடுச்சு. ரெண்டாவது டப்பாவும் வாங்கிட்டேன், பாருங்க." பையிலிருந்து எடுத்துக் கவுண்டரில் வைத்தாள். மூடியில் அதே இலை, அதே பெண் முகம்.

போகாத கறையை முகத்துக்கு நேரே சொல்கிறவளுக்கு இதைச் சொல்ல நாக்கு கூசியது.

"டீச்சரம்மா, அதைப் போடாதீங்க. நான் சொன்னது தப்பு."

"என்ன தப்பு? நல்லாத்தான கேக்குது?"

"கேக்கும். விட்டா எரிஞ்சு கிளம்பும். ஸ்டீராய்டு இருக்கும்னு டாக்டர் சொல்றாங்க. பாப்பாவ ஒருதடவை அவங்ககிட்டக் காட்டிடுங்க. நான் முதல்ல குறை சொன்னேனே, அந்த மருந்துதான் நல்ல மருந்தாம்."

"எது, தலையணை உறைய வெளுக்க வெச்சுதே, அதுவா?" டீச்சரம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்கதான அந்த உறைய எங்கிட்டக் காட்டினீங்க? நாலு துணியக் காட்டினீங்க?"

"காட்டினேன்."

"இப்ப அது நல்லது, இது கெட்டதுங்கிறீங்க. இன்னொரு மாசம் கழிச்சு என்ன சொல்லுவீங்க?"

கறையம்மாவிடம் இருக்கிற சாட்சி எல்லாம் எதிர்க்கட்சிக்குத்தான் பேசுகிறது. இழுப்பறையைத் திறந்தால் ஒரு பக்கம் பாழான உறை, மறுபக்கம் நிறம் மங்காத நாலு துண்டுத் துணி. இதைப் பார்த்து யார்தான் அவளை நம்புவார்கள்? அவளே நம்பவில்லையே!

"எங்க பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகல. உங்க பொண்ணு நடுவுல விட்டிருக்கும், அதான்" என்று டீச்சரம்மா டப்பாவை எடுக்கக் கை நீட்டினாள்.

கோட்டுகள் விலகின. ஹாங்கர்கள் கம்பியில் உரசிக் கிறீச்சிட்டன. மகள் வந்து கவுண்டர் விளக்கின் கீழே நின்றாள். கையில் ஊசியும் நூலும் அப்படியே இருந்தன.

"ஆமாக்கா, நடுவுலதான் விட்டேன்" என்றாள். "அம்மா நாலு பேருகிட்ட என் மூஞ்சியக் காட்டித்தான் சொன்னாங்க. இப்பவும் அதே மூஞ்சிதான். பாத்துக்கங்க."

டீச்சரம்மா பார்த்தாள். நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. வாசல் தகரக் கூரையில் மழை பெய்துகொண்டிருந்தது. டீச்சரம்மா குடையை எடுத்தாள். வந்த வேலையான சட்டைகளையும் வாங்காமல் இறங்கிப் போய்விட்டாள். டப்பா கவுண்டரிலேயே இருந்தது. வேண்டாமென்று விட்டாளா, மறந்துவிட்டாளா, டாக்டரிடம் போவாளா, பார்லரில் இன்னொன்று வாங்குவாளா, கறையம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"நம்பினாங்களா?" என்று கேட்டாள்.

"தெரியலம்மா." மகள் ஊசியைக் கவுண்டரில் இருந்த ஊசிமெத்தையில் குத்தினாள். கம்பியில் தொங்கும் துணிகளின் சீட்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் படித்தாள். டீச்சரம்மா விட்டுப்போன சட்டைகள், பேக்கரிக்காரர் மனைவியின் கோட்டு, தையல்கடை அக்காவின் போர்வை, பஸ் டிரைவரின் இரண்டு சட்டை. நாலு வீட்டுத் துணியையும் கழற்றி இடது கையில் போட்டுக்கொண்டாள்.

"எங்க எடுத்துட்டுப் போற? அவங்களே வந்து வாங்கிப்பாங்க."

"எப்ப வருவாங்களோ. அதுக்குள்ள இன்னொரு டப்பா வாங்கிடுவாங்க."

இஸ்திரி மேஜையிலிருந்து அப்பா தலையைத் தூக்கினார். துணி நனையாமல் இருக்கப் பெரிய பாலிதீன் உறை ஒன்றை எடுத்துவந்து ஹாங்கர்களின் மேல் மாட்டிவிட்டார். மகள் படியிறங்கிக் குடையை விரித்தாள். மூன்று வாரத்துக்கு அப்புறம் தெரு வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது. அது எப்படி இருந்ததென்று கறையம்மாவால் பார்க்க முடியவில்லை. ஓடிப்போய் இழுப்பறையைக் கிளறி ஒரு மாஸ்க்கை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"இரும்மா, இதையாவது போட்டுக்கோ. எல்லாரும் பாப்பாங்க."

மகள் திரும்பிப் பார்த்தாள்.

"மாஸ்க் போட்டுக்கிட்டுப் போயி அவங்களுக்கு என்னத்தம்மா காட்டறது?"